ஒட்டிய இடமும் வேலை நடக்கும் இடமும்

இன்று காலை பிரிடின் என்ற ரசாயனத்தின் புட்டியைத் திறந்ததும் அந்த அழுகிய மீன் வாடை மூக்கில் ஏறியது. நீ இருந்திருந்தால் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு என்னைத் திட்டியிருப்பாய். திட்ட ஆளில்லாத ஆய்வகத்தில் நானே எழுந்துபோய் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன்.

காளவாசல் சிக்னலில் பஸ் புகைக்கு இருமிக்கொண்டே, "இந்தக் கார்பன் மோனாக்சைடத்தாண்டி நம்ம பொடி மாத்தணும்" என்பாய். நம் பொடி, வெளிர்மஞ்சள் சீரியம் ஆக்சைடு. அதன் மேற்பரப்பில் எந்த இடம் அந்த நச்சு வாயுவைக் கரியமில வாயுவாக மாற்றும் வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நம் இருவரின் ஆராய்ச்சி. பிரிடின் ஆவியைச் செலுத்தினால் அது அமில இடங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். கருவி தரும் வரைபடத்தில் அது முகடாகத் தெரியும். வினை நடப்பதும் அங்கேதான் என்று நம் வழிகாட்டி முடிவு கட்டியிருந்தார். நானும் நம்பினேன்.

நீதான் அவரிடமே கேட்டாய்: "சார், ஒட்டுச்சுங்கிறதுக்காக அங்கதான் வேலை நடக்குதுன்னு எப்படிச் சொல்றது? ஆக்சிஜன் அணு விட்டுப்போன காலி இடமா இருக்கலாம்ல?"

"நிரூபிச்சுக் காட்டும்மா, பேசுவோம்" என்றார்.

வெளியே வந்ததும், "ஏண்டி, இம்புட்டு வருசம் இதையே பாத்தவருகிட்டயா சண்டைக்குப் போற?" என்றேன்.

"சண்டையில்லடி, சந்தேகம்" என்று சிரித்தாய்.

அமில இடங்கள் ஏறக்குறைய ஒரே அளவாகவும், ஆக்சிஜன் விட்டுப்போன இடங்கள் மட்டும் கூடிக்கொண்டே போகும்படியும் வரிசையாகப் பொடிகள் செய்தாய். அவற்றைச் சோதிக்கத் தொடங்கியபோதுதான் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "மிச்சத்த நீ ஓட்டிப் பாரு. நான் சொன்னது தப்புன்னா தப்புன்னே எழுது" என்றாய்.

"நீயே வந்து ஓட்டு" என்றேன். நீ வரவில்லை.

உன் பொடிகளை நான்தான் சோதித்து முடித்தேன். ஆக்சிஜன் விட்டுப்போன இடங்கள் கூடக் கூட வினையும் வேகமெடுத்தது. வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ள சொன்னதுதான் சரி" என்றார் வழிகாட்டி. அதைக் கேட்க நான் மட்டுமே நின்றிருந்தேன்.

அன்று மாலையே உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப எம்மக சொன்னது சரிதானாம்மா?" என்று கேட்டார்.

"சரிதாம்மா."

உடனே உன் சித்திக்குப் போன் போட்டு, உங்கள் சௌராஷ்டிர மொழியில் அழுதுகொண்டே என்னவோ சொன்னார். எனக்குப் புரிந்தவை இரண்டே சொற்கள்: ஆக்சிஜன் என்பதும் உன் பெயரும்.

இப்போது எனக்கே ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. விட்டுப்போன இடங்கள் எல்லாமே வேலை செய்கின்றனவா, துகளின் விளிம்பில் இருப்பவை மட்டுமா? வழிகாட்டி இதுவே போதும் என்கிறார். எனக்குப் போதவில்லை. முன்பெல்லாம் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறவள் நான். இந்தக் குணம் உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. இன்று மதியம் விளிம்புதான் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். இல்லை என்று மறுக்க யாருமில்லாததால், அதையும் நானே மறுத்துவிட்டு அடுத்த பொடியை எடை போட்டேன்.