மேசையில் முடுக்கும் வைஸ்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் மாமாவும் அவரவர் வலிகளோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சுகமாக இருக்கிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ உம் கொட்டுவாய், அதற்குள் நம் தையல் சாமான் கடைக்கு எவராவது வந்து இருபது ஜிப் கொடு என்று நிற்பார். என் முட்டி பழையபடிதான். மேல்தட்டு நூல் பெட்டிக்காக ஏணியில் ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறேன், இன்னும் எதற்கு ஏறிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. பொத்தான் சரக்கு வந்து பிரிக்காமலே கிடக்கிறது. கடை வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துக் கேட்டுக் கட்டிடச் சொந்தக்காரர் வந்து வந்து போகிறார், நானும் ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். நீ வந்து கல்லாவில் உட்காருவாய் என்ற எண்ணம்தான், வேறென்ன. மருமகள் பிரிந்து போன பிறகு இவனுக்கு அங்கே என்ன இருக்கிறது, ஒருநாள் பெட்டியோடு வந்து நிற்பான் என்று மாமாவிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

அப்போதுதான் உன் செய்தி வந்தது. தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து அதைக் காட்டி மீன் பிடிக்கப் பழகுகிறேன், பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் ஆற்றுக்கு அழைத்துப் போகிறார், ஆரம்பத்துக்கு என்னென்ன வாங்கட்டும், நூல் விஷயம் உனக்குத்தானே தெரியும் என்று எழுதியிருந்தாய். இத்தனை மாதமாக நான் கேட்டதற்கெல்லாம் ஒன்றும் வேண்டாம் என்றே சொன்னவன், நீயாக வாயைத் திறந்து கேட்டது இதைத்தான். மாமாவிடம் படித்துக் காட்டினேன். ஏன்க்கா, பூச்சின்னு சொல்லி நூலைத் தலையில கட்டப் போறானா உன் புள்ள, மீன் பாவம், நம்ம வியாபாரம் ரத்தத்துலயே ஊறியிருக்கு போ என்று சிரித்தார். சும்மா இரு, புள்ள கேக்குறதே பெருசு என்று அதட்டினேன், ஆனால் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்து ரொம்ப நாள் ஆகிறது.

சரி, வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். படம் அனுப்பினாயே, எல்லாம் அடங்கிய அந்தப் பெட்டி, அதை வாங்காதே. ஒரே பெட்டியில் அத்தனை சாமான் போட்டு விற்கிறவன் ஓடாத சரக்கைத் தள்ளிவிடுகிறான், நானே எத்தனை தையல் பெட்டி அப்படிக் கட்டி விற்றிருக்கிறேன். முள்ளைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே, அது நழுவினால் உனக்கு வெறுத்துப்போகும். தையல் நூலை எடுக்காதே, முறுக்கேறிய நூல் சின்ன முள்ளில் நாலு சுற்றிலேயே முண்டு முண்டாகத் திரளும். மெழுகு தடவிய, முறுக்கில்லாத மெல்லிய தட்டை நூலாகக் கேள், கறுப்பும் பழுப்பும் போதும், கண்ணைப் பறிக்கிற நிறமெல்லாம் வாங்குகிறவனை மயக்கத்தான். நூற்கண்டைத் தாங்குகிற குழாய்ப்பிடியின் வாயை நகத்தால் தடவிப் பார், பிசிறு இருந்தால் நூலை அறுக்கும், பீங்கான் வாய் வைத்தது நல்லது. கத்திரிக்கோல் நுனி கூராக இருக்கட்டும், பூச்சி உடம்பில் சுற்றுகிற கம்பியை அதைக்கொண்டு வெட்டாதே, அதற்குப் பழசு ஏதாவது வைத்துக்கொள். சேவல் கழுத்து இறகைச் சின்னப் பொட்டலமாக வாங்கு, சாயம் போட்டதாக இருந்தால் நனைத்து வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்கு. முள் ஒரே அளவில் எடு, கொஞ்சம் பெரிதாகவே எடு, எந்த அளவு என்று டிரைவரைக் கேள், ஆற்றில் நிற்கிறவர் அவர்தான். முடிச்சு அவிழாமலிருக்க நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு போதும், அதற்கென்று தனிக் குப்பி விற்றால் சிரித்துவிட்டு வா.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய். மேசை விளிம்பில் திருகி முடுக்குகிற வைஸ் வாங்கவா, இல்லை அடியில் கனத்த தட்டு வைத்து எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகிற வைஸ் வாங்கவா என்று. தட்டு வைத்தது பெட்டியில் போட்டுக்கொள்ள வசதி, ஆனால் முடுக்குகிறதுதான் ஆடாதாம், ஜன்னல் ஓரத்துக்கு ஒரு மேசையும் பார்த்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். கடையில் இரண்டு பொத்தானை எடுத்து எது நன்றாயிருக்கிறது என்று கேட்கிறவர்களின் விரல் அதற்குள்ளேயே ஒன்றின் மேல் இருக்கும். நான் அந்த விரலைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன், வாங்கினவர் யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. உனக்கும் அப்படியே சொல்கிறேன், முடுக்குகிறதையே வாங்கு. மேசையையும் வாங்கு, கால் ஆடாததாகப் பார்.

நேற்றுக் கட்டிடச் சொந்தக்காரர் வந்தார், மேசை பார்க்கிறவன் பெட்டி கட்ட மாட்டான் என்று ஒப்பந்தத்தை மாமா பெயரில் எழுதச் சொல்லிவிட்டேன். அக்கா, நாளைக்குப் பையன் வந்து நின்னா என்று மாமா இழுத்தார். வந்தா நல்லா தூங்கி எந்திரிச்சுட்டுப் போகட்டும், கல்லாவுல உக்கார வேண்டாம் என்றேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் நீயே நம்ப மாட்டாய், இருக்கிறது, ஆனால் அலுப்பு அதைவிடப் பெரிதாக இருக்கிறது, இனி காலையில் மட்டும் கடைக்குப் போவதாக இருக்கிறேன். உன் மனதுக்கு எது ஒட்டுகிறதோ அங்கே இரு. அதற்காக லீவு கிடைக்கும்போது வராமல் இருந்துவிடாதே.

உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைக்கு இந்த வேலை கூடிவர வேண்டும். ஆற்றில் இறங்கினால் டிரைவரை விட்டுத் தள்ளிப் போகாதே. ஒன்று மட்டும் மறக்காதே, முதலில் கட்டுவது அலங்கோலமாகத்தான் இருக்கும், வெட்கப்பட்டுக் குப்பையில் போட்டுவிடாதே. முள்ளின் நுனியை நறுக்கிவிட்டு எனக்கு அனுப்பு. மாதிரியைக் கையில் பார்க்காமல் நான் யாருக்கும் நூல் எடுத்துக் கொடுப்பதில்லை.

என்றும் உன் நினைவோடு,
அம்மா