மானிட்டரில் ஏற்றிய நீலம்

12 ஆகஸ்ட் 2007, ஞாயிறு

மானிட்டரில்தான் கோளாறு என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்து கம்ப்யூட்டரில் கார் ரேஸ் கேம் போட்டால் வெள்ளை ரோடு மஞ்சளாகத் தெரியும். மெனுவுக்குள் போய் நீலத்தைக் கொஞ்சம் ஏற்றுவேன். மறுநாள் இன்னும் கொஞ்சம்.

இன்று லீவு. என்னோடு கேம் ஆட உட்கார்ந்த என் மனைவி மலர், ரேஸ் தொடங்கியதுமே கத்தினாள்.

"இன்னாங்க இது? ரோட்டை சொட்டு நீலத்துல முக்கி எடுத்தா மாதிரி கீது!"

"எனக்கு வெள்ளையாத்தான தெரியுது?"

"ஒரு கண்ண மூடிக்கினு பாருங்க."

இடது கண்ணை மூடினேன். அவள் சொன்னது சரி, ஒரே நீலம். வலது கண்ணை மூடினேன். வெள்ளை ரோடு. வேடிக்கையாக இருந்தது. சுவர், காலண்டர், டம்ளரில் இருந்த பால் என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இடது கண்ணுக்குப் பாலில் மஞ்சள்தூள் போட்டது போல இருந்தது.

ஃபர்னஸில் உருகும் இரும்பைப் பார்க்க, நீலக் கண்ணாடியை இடது கண்ணில்தான் பிடிப்பேன். நாளெல்லாம் நீலத்தையே பார்த்த கண்ணுக்கு மற்றதெல்லாம் கொஞ்ச நேரம் மஞ்சளாகத் தெரியும், பிறகு சரியாகிவிடும் என்றேன். மலர் நம்பினாள். நீலத்தைக் குறைத்துவிட்டு ரேஸில் என்னை இரண்டு முறை தோற்கடித்தாள்.

அவசரத்தில் கண்ணாடி இல்லாமல் எட்டிப் பார்ப்பதும் அதே கண்ணால்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஷிப்ட் முடிந்தது நேற்று மதியம். இப்போது வலது கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன். டியூப்லைட் வெளிச்சத்தில் இந்தத் தாள் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது.