நடுவில் நிறுத்திய புரோகிராம்

அன்புள்ள அம்மா,

உன் முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே பதறிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை, ஆபீஸே நம்பியிருக்கும் புரோகிராமில் ஒரு தப்பு. தப்பைத் தேடும் டீபக்கர் என்ற கருவியில் கட்டளை தட்டி, ஓடிக்கொண்டிருந்ததை நடுவில் நிறுத்தி, வரிவரியாகத் துழாவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீ கூப்பிட்டாய். அதை மறுபடி ஓடவிட மறந்து எழுந்து வந்துவிட்டேன். நாம் பேசி முடிக்கும்வரை, இருபது நிமிடம், எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்!

மேனேஜர், "யாரு நிறுத்தினது?" என்றார்.

"எங்கம்மா ஃபோன் பண்ணாங்க சார்" என்று உளறினேன்.

முறைத்தார். பிறகு, "அம்மா நல்லா இருக்காங்களா?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், இதற்கு "முட்டிவலிதான் சார்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்ப் புரோகிராமை மறுபடி ஓடவிட்டேன்.

இனி மதியம் ஒரு மணிக்குக் கூப்பிடு. அப்போது தனியாகத்தான் சாப்பிடுகிறேன். வேலையைக் கெடுக்கிறோமே என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

மேனேஜர் வருகிறார்.

உன் சின்னவள்