நாற்பத்தெட்டு நாள் சோற்றுருண்டை

திருக்காட்டுப்பள்ளி
10.12.2025

அன்பு மகள் வானதிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா நலம். முதுமலைக் குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இது போனில் சொல்லும் சேதி இல்லை. நாம் பேசும்போதெல்லாம் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள்.

சம்பா பால் பிடிக்கிறது. தெற்கு வயலில் மட்டும் மழைத்தண்ணீர் வடியவில்லை. வடிகாலைத் தூர்வாரியதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். பலகை நன்றாக இருக்கிறது.

நம் கோயில் யானை வடிவுக்கு உடம்பு மோசம். முதுகெலும்பு துருத்திவிட்டது, தும்பிக்கையில் சளி ஒழுகுகிறது. காசநோயாக இருக்கலாம் என்றாராம் கால்நடை மருத்துவர். சளி எடுத்துப் பார்க்க உங்கள் ஆராய்ச்சிக் குழுதான் திங்கட்கிழமை வருகிறதாமே.

ஊரார் பாகன் சிங்காரவேலுமேல் பழியைப் போட்டுவிட்டார்கள். டீக்கடையில் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், அவனுக்கு மட்டும் பேப்பர் கப். எனக்கு ஒரு நோயும் இல்லீங்கண்ணே, நீங்களாவது சொல்லுங்க என்று என்னிடம் வந்து அழுதான். நான் வாயைத் திறக்கவில்லை.

நோய் என்னுடையது, வானதி.

போன வருடம் வைகாசியில் எனக்குக் காசநோய் என்றார்கள். உனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய நேரம். வெளியே தெரிந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள்? உரம் வாங்கப் போவதாகச் சொல்லித் தஞ்சாவூரில் மாத்திரை வாங்கினேன். ஆறு மாதம் விடாமல் போட வேண்டும். இரண்டே மாதத்தில் இருமல் நின்றது, நானும் நிறுத்திவிட்டேன். அந்த ஐப்பசியிலேயே திரும்ப வந்தது. நெல் தூசி என்று உன் அம்மாவை நம்பவைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வடிவிடம் வேண்டிக்கொண்டேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், என் கையால் சோற்றுருண்டை ஊட்டுவதாக. தினமும் அது தும்பிக்கையை என் முகத்தருகே நீட்டி மோப்பம் பிடிக்கும், பிறகு தலையில் வைக்கும். நான் இருமிக்கொண்டே கும்பிடுவேன்.

யானைக்கு இந்த நோய் பெரும்பாலும் மனிதரிடமிருந்துதான் தொற்றுகிறது என்று இந்தத் தீபாவளிக்கு வந்தபோது நீ சொன்னாய். நான் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். பலகாரத்தை நான் ஒரு பிடி பிடித்துவிட்டதாகக் கேலி செய்தாய்.

கிருமியை ஒப்பிட்டு யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கலாம் என்றும் சொன்னாய். என் சளியையும் எடுத்துக்கொள். யானையோடு நெருங்கிப் பழகியவர் யார் என்று உங்கள் படிவத்தில் கேட்டிருப்பார்களே, அங்கே துரைராசு என்று எழுது. அப்பாவாயிற்றே என்று தயங்காதே. சிங்காரவேலு தலை நிமிர்ந்து டீ குடிக்கட்டும். மாப்பிள்ளை பரணிதரன் வீட்டாருக்கு நானே சொல்லிவிடுகிறேன். தையில் கல்யாணம் நடப்பதும் நிற்பதும் உங்கள் இருவர் கையில். அம்மாவையும் சோதிக்கச் சொல். அவளிடம் சொல்லத்தான் எனக்குத் தைரியம் இல்லை.

வடிவைப் பிழைக்க வைக்க முடியுமா? நான் விட்ட மாத்திரையை அதற்காவது ஒரு நாள் விடாமல் கொடுங்கள்.

நேற்று இருமலில் ரத்தம் வந்தது. திங்கட்கிழமை முகக்கவசம் போட்டுக்கொண்டு வா. யானைக் கொட்டடியில் மட்டும் போதாது, நம் வீட்டிலும் கழற்றாதே. எப்போதும்போல் ஓடிவந்து காலில் விழாதே, வாசலிலேயே நில். இந்த முறை உன் தலையில் கை வைக்க மாட்டேன். நன்றாக இரு, கண்ணு.

தள்ளி நின்றே வாழ்த்தும்
உன் அப்பா,
துரைராசு