கேளையாடு என்று நான் சொன்ன மாலை

இன்று நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தீவன லாரி முந்திப் போனது. அரைத்த சோளமும் கருவாடும் கலந்த அந்த வாடைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நானோ நீதான் வந்துவிட்டாய் என்று திரும்பிப் பார்த்தேன்.

உன் கோழிப்பண்ணையில் வேலை முடிந்ததும் உடைகூட மாற்றாமல் கொல்லிமலை அடிவாரத்துக்கு வந்துவிடுவாய். "இந்த வாசத்துக்கு மரநாய்தான் தேடி வரும்" என்பேன். "வரட்டுமே, நடக்காமயே பாத்துக்கலாம்" என்பாய். ஓடைப் பாதையில் நுழைந்து, இருட்டும் முன் திரும்புவோம். பார்த்ததை நோட்டில் எழுதுவது நீ. மலையணில், கீரி, ஒருமுறை முள்ளம்பன்றி. எதுவும் தென்படாத நாளில் 'ஒன்றுமில்லை' என்று எழுதுவாய். அதை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டேன்.

"ஷெட்டுல செத்த கோழியயும் சாவாத நாளயும் எழுதாம உட்டா, சீக்கு வந்தது எப்படிப் புள்ள தெரியும்?"

நீ பார்க்க ஆசைப்பட்டது கேளையாட்டை. நாய் குரைப்பதுபோல் கத்தும் அந்தச் சின்ன மானின் குரல்தான் நமக்குக் கிடைத்திருந்தது.

கடைசியாகப் போன மாலையில் பாதி வழியிலேயே பாறையில் உட்கார்ந்துவிட்டாய். முந்தின நாள் சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் நோயைச் சொன்னதும், உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவகிட்டச் சொல்லிராத சாமி, மனசு உட்டுருவா" என்றிருந்தார். டாக்டர் சொன்னது வெறும் ரத்தக் குறைவு என்று உன்னிடம் சொல்லிவிட்டேன். அன்று உன் முகத்தைப் பார்க்க முடியாமல், "அதோ கேளையாடு! அந்தப் புதருக்குப் பின்னால!" என்று கைகாட்டினேன்.

நீ எழுந்திருக்கவே இல்லை. "அங்க தவிட்டுக்குருவி மேஞ்சுக்கிட்டு இருக்குது. மான் போயிருந்தா பறந்திருக்குமே" என்றாய். சற்றுப் பொறுத்து, "டாக்டர் சொன்னதுன்னு நீ சொன்னதும் இதே மாதிரிதானா?" என்றாய்.

எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை மாதம் என்பதையும் சொன்னேன். நீ அழவில்லை என்று எழுத ஆசைதான், சத்தமாக அழுதாய். குருவிகள் அப்போதுதான் எழும்பிப் பறந்தன. பிறகு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன நான் பாத்துக்கறேன். நட" என்றாய். இறங்கும்போது பாதை நடுவே ஒரு முயல் உட்கார்ந்து நம்மையே பார்த்தது.

"முயல்னே எழுது புள்ள. கொம்பு கிம்பு வெச்சுராத" என்று நோட்டை என்னிடம் நீட்டினாய்.

தெரிந்துகொண்ட பின் கிடைத்த நான்கு மாதத்தில் பண்ணையைத் தங்கை பொறுப்பில் விட்டாய். வருடக்கணக்கில் பேசாதிருந்த அப்பாவைப் போய்ப் பார்த்தாய். சொன்னது சரிதானா என்று எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

இப்போது இந்த பஸ்ஸில் என் அம்மாவைப் பார்க்கத்தான் போகிறேன். அவளுடைய ஸ்கேன் முடிவு என் பையில் இருக்கிறது. சித்தி காலையிலிருந்து மூன்று முறை போனில் கூப்பிட்டுவிட்டாள். "அக்காகிட்ட வாயத் தொறக்காத கண்ணு."

"இல்லீங்க சித்தி, நான் சொல்லத்தான் போறேன்" என்றேன்.

அம்மா டீ போட்டு வைத்திருப்பாள். குடித்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நோயின் பெயரோடு சொல்வேன். அவள் அழுது முடிக்கும்வரை எழுந்து போக மாட்டேன்.