நெத்திலியோடு காய்ந்த சவ்வு

ஜெகதாப்பட்டினம்
4.6.2025

அன்புள்ள ஷீபாவுக்கு,

உன் வாளிகளின் காவல்காரன் ஜெபக்குமார் எழுதிக்கொள்வது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே நமக்குள் சண்டை. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்!

ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் உன் இரட்டை வாளி நலம். ஒன்றில் மீன் கழுவிய தண்ணீர், மற்றதில் உப்புத் தண்ணீர், நடுவில் உன் புரோட்டான் பரிமாற்றச் சவ்வு. கிருமிகள் கழிவைத் தின்று கரண்டு தருகின்றன, புரோட்டான் மட்டும் சவ்வைத் தாண்டிப் போகிறது என்று நீ சொன்னதைப் பக்கத்து வீட்டு அமிர்தவல்லி மதினியிடம் அப்படியே ஒப்பித்தேன். "கிருமிகூட ஒழைக்குது தம்பி, நீங்கதான்..." என்று நிறுத்திக்கொண்டார். மீதியை நானே நிரப்பிக்கொண்டேன்.

மீட்டரில் இன்று 0.52 வோல்ட். சவ்வில்தான் பாசி மாதிரி வழவழவென்று ஏதோ படிந்திருக்கிறது. நாளை கழற்றிச் சுத்தம் செய்கிறேன். புருஷன் உதவவில்லை என்று இனிச் சொல்லாதே.

ஜெபக்குமார்

சென்னை
7.6.2025

அன்புள்ளவருக்கு,

கழற்றாதீர்கள்! இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. அந்தச் சவ்வு எப்போதும் ஈரமாகவே இருக்க வேண்டும். வேறொன்று வரவழைக்க இரண்டு மாதம் ஆகும். ஜூன் முப்பதுக்குள் அளவுகளைக் கொடுக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் எனக்கு இந்த விடுதிதான்.

பஸ் ஏற்றிவிடும்போது "நாப்பத்தாறு வயசுல பிஎச்டி ஒரு கேடா?" என்றீர்களே. அதை உண்மையாக்கிவிடாதீர்கள்.

ஷீபா

ஜெகதாப்பட்டினம்
11.6.2025

ஷீபா,

உன் இரண்டு அழைப்பையும் பார்த்தேன். பயத்தில் எடுக்கவில்லை. அதற்குள் சவ்வை நன்றாக அலசி, நெத்திலி காயப்போட்ட வலையின் ஓரத்தில் வெயிலில் விரித்திருந்தேன். நம் ஊரில் எதைக் கழுவினாலும் அடுத்து அதைத்தானே செய்வோம்! பொரித்த அப்பளமாய்ச் சுருண்டது. நிமிர்த்தினேன். கீறிவிட்டது.

பழைய 0.52-ஐயே தினமும் எழுதி அனுப்பிவிடலாமா என்று ஒரு காப்பி குடிக்கிற நேரம் யோசித்தேன். கை வரவில்லை. கம்பெனியில் குடிதண்ணீர்ப் பானை வெளியே வியர்த்துக்கொண்டிருந்தது. மண் வழியாகத் தண்ணீர் கசியும் என்றால் உன் புரோட்டானும் போகாதா? சின்ன மண் கலயம் ஒன்று வாங்கி, உப்புத் தண்ணீரும் கரண்டு எடுக்கிற உன் கார்பன் துணி ஒன்றும் உள்ளே வைத்து, மீன் தண்ணீர் வாளிக்குள் இறக்கினேன். முதல் நாள் 0.11. இன்று 0.38. எல்லா அளவும் இத்துடன் இருக்கிறது. எதையும் கூட்டவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நான் பேசியது பேச்சே இல்லை. நேரில் சொல்ல வாய் வராது. மன்னித்துக்கொள்.

ஜெபக்குமார்

சென்னை
19.6.2025

அன்புள்ள உங்களுக்கு,

படித்ததும் அழுதேன். பிறகு கைடிடம் போய் உங்கள் கடிதத்தில் சவ்வுக் கதையை மட்டும் படித்துக் காட்டினேன். அப்பளம் வந்த இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று மேசையில் விழுந்தது. அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "சவ்வு இருந்தப்ப எடுத்த அளவு இருக்கு, இப்ப மண்ணும் வந்திருக்கு. ரெண்டையும் ஒப்பிட்டு எழுதுங்கம்மா" என்றார். மண்ணை வைத்து முன்பே சிலர் பார்த்திருக்கிறார்களாம். ஆனால் மீன் கழுவிய தண்ணீரில் நம் பக்கத்து மண் என்ன செய்கிறது என்று அவருக்கும் ஆவல் வந்துவிட்டது.

முப்பதாம் தேதிக்கு இது போதும். மண் கலயத்தில் இன்னும் மூன்று மாதம் அளவெடுக்க வேண்டும். அதை அங்கிருந்தே செய்ய அனுமதி வாங்கிவிட்டேன். ஜூலை ஐந்து, சனிக்கிழமை காலை வருகிறேன்.

வாளிப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். உங்களுக்கும் ஒன்று.

ஷீபா