பூசணி சொன்ன பதில்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். அவருடைய முழங்கால் மட்டும் துணி காயப்போடச் சொன்னால் வலிக்கிறது, சீட்டாடக் கூப்பிட்டால் நன்றாக நடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் ‘ம்’ என்கிறாய், அந்த ‘ம்’மை நான் நம்புவதில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீ சொல்லி முடித்துவிடுகிறாய், கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

நான் நடித்த பழைய காமெடித் தொடரைச் சேனல்காரர்கள் மறுபடி போடுகிறார்கள் என்றதும் நீ கொதித்துப் போனாய். உன் ஆபீசில் யாரோ அதைப் போனில் பார்த்துச் சிரித்தார்கள், அந்தக் குண்டு மனைவி என் அம்மாதான் என்று சொல்ல உனக்கு நாக்கு எழவில்லை. என் அம்மாவைக் கேலி செய்கிற ஒரு காட்சிகூட வரக் கூடாது என்று நீயே சேனலுக்கு எழுதிவிட்டாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை. கேலி தப்புதான், வலிக்கவும்தான் செய்தது. அந்தக் காலத்தில் காய்கறிக் கடைக்காரர் பூசணிக்காயைத் தராசில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார், கடையே சிரிக்கும், நான் வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவேன். ஆனால் நீ எழுதிப் போட்ட பிறகு நடந்த கூத்தையும் நீ கேட்டாக வேண்டும்.

முதலில், எனக்குப் புருஷனாக நடித்த ஹீரோ என்னைப் ‘பூசணி’ என்கிற இடத்தில் எல்லாம் சத்தத்தை அடைத்து ஒரு ‘பீப்’ போட்டார்கள். வாய் மட்டும் அசைகிறது. மறுநாளே மாடி வீட்டு டீச்சரம்மா படியிறங்கி வந்து, குடும்பத்தோட பாக்கற நிகழ்ச்சில அந்த மனுஷன் இப்படியா அசிங்கமா பேசுவாரு என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பூசணின்னுதான் சொன்னாரு என்றேன். வெட்கப்பட்டு மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, விடுங்க, சொல்ல வேணாம் என்று முதுகைத் தட்டிக் கொடுத்தார். மார்க்கெட் காட்சியில் நான் நிஜப் பூசணிக்காயைக் காட்டி விலை கேட்கிறேன், அங்கேயும் பீப். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், இந்தத் தொடரைப் பார்த்து அந்த மனுஷன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பீப் போட்டதற்கும் புகார் வந்ததாம், அதனால் கேலி வருகிற காட்சியையே முழுசாக எடுத்துவிட்டார்கள். மிச்சம் என்ன தெரியுமா, நான் காபி கொண்டு வந்து வைக்கிறேன், கதவைத் திறக்கிறேன், கதவைச் சாத்துகிறேன். தொடரில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்கள், என்னைத்தான் காணோம். வயிறு எரிந்தது எனக்கு. ஏன் என்று சொல்கிறேன். எழுத்தாளர் எனக்கு எழுதித் தந்ததெல்லாம் ‘முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறாள்’ என்கிற ஒரே வரிதான். ஒருநாள் ஹீரோ, பூசணி, மெல்ல உக்காரு, நாற்காலி அழுவுது பாரு என்றார். நான் உள்ளே போகவில்லை. நாற்காலியாவது வாய்விட்டு அழுவுது, உங்களைக் கட்டிக்கிட்ட நான் எங்கே போய் அழறது என்று கேட்டுவிட்டேன். செட்டே அதிர்ந்தது, கேமராக்காரர் சிரித்த சிரிப்பில் படம் ஆடிவிட்டது, ஹீரோவுக்கு அடுத்த வசனம் மறந்தே போயிற்று. அன்றிலிருந்து எழுத்தாளர் கேலியை எழுதிவிட்டுக் கீழே ஓர் இடத்தைக் காலியாக விட்டு ‘பூசணி ஏதாவது சொல்வாள்’ என்று போட்டுவிடுவார். சொன்னேன். வாரா வாரம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி சொன்னேன், ஒவ்வொன்றும் நானே யோசித்தது.

அதையெல்லாம் சேனலில் இந்த வெட்டுகிற வேலையைப் பார்க்கிற பெண்ணிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடி அறை, குளிரில் பல் தந்தியடிக்கிறது. நல்ல பெண்தான், உங்க மனசு புண்பட்டுச்சா ஆன்ட்டி என்று கேட்டுவிட்டு என் கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று காத்திருந்தாள். எம் பதிலை எடுத்ததுதாம்மா புண்பட்டுச்சு என்றேன். உடனே கமிட்டி கூட்டி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பதிலை வைத்துக்கொண்டு கேலியை மட்டும் வெட்டிவிட்டார்கள்! இப்போது தொடரில் ஹீரோ ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக் கழற்றுகிறார், என்னைப் பார்த்து அன்பாகச் சிரிக்கிறார், உங்களைக் கட்டிக்கிட்ட நான் எங்கே போய் அழறது என்று நான் எரிந்து விழுகிறேன். ஹீரோவே போன் பண்ணி, ஏம்மா, நான் பாட்டுக்குச் சும்மாதானே வந்தேன் என்று கேட்டார், இந்த வயதிலும் குறும்பு போகவில்லை. போன வாரம் கணவர்மார் சிலர் சேர்ந்து புகார் எழுதியிருக்கிறார்களாம், இந்தப் பெண் பாத்திரம் ஆண்களை இழிவுபடுத்துகிறது என்று. நிகழ்ச்சிக்கு முன்னால் இப்போது ஓர் எச்சரிக்கை அட்டை வருகிறது. என்னைப் பற்றி!

நான் சேனல் பெண்ணிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். அட்டை போடுங்கள், இது தப்பான கேலி என்று பெரிய எழுத்தில் போடுங்கள், அதற்குப் பிறகு ஹீரோ சொன்னதையும் நான் சொன்னதையும் அப்படியே விடுங்கள், நடுவில் யாரும் கத்தரிக்கோலோடு வர வேண்டாம். அவளுக்கும் அது சரியென்றுதான் படுகிறது. ஆனா உங்க பொண்ணுதானே எடுக்கச் சொல்லி எழுதினாங்க, அவங்க ஒரு வரி எழுதினா கமிட்டி ஒத்துக்கும், இல்லன்னா உங்க காட்சி மொத்தத்தையும் எடுத்துடுவாங்க என்கிறாள். நான் வாயைத் திறக்க நான் பெற்ற பெண்ணின் சம்மதம் வேண்டியிருக்கிறது, பார்த்தாயா.

சம்மதம் கேட்டு எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சின்ன வயதில் தொடர் ஓடும்போது ஹீரோ என்னைப் பார்த்து வாயைத் திறந்ததும் நீ காதைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே ஓடிவிடுவாய், முடிகிற பாட்டு கேட்ட பிறகுதான் வெளியே வருவாய். கேலி உன் காதில் விழுந்தது, சிரிப்புச் சத்தமும் கதவு வழியாக விழுந்திருக்கும். அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்பது உனக்கு இன்றைக்கு வரை தெரியாது. உனக்குத் தெரிந்ததெல்லாம் அவமானப்பட்ட ஓர் அம்மாதான். அந்த நாற்காலி கேலியைவிட இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது, கண்ணு.

வெட்டாத பழைய எபிசோட் ஒன்றை உன் போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார், பிறகு உன் மனசுக்குத் தோன்றியதை எழுது, நான் கட்டாயப்படுத்த மாட்டேன். இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. அப்பா உன்னை மூட்டுவலித் தைலம் வாங்கி அனுப்பச் சொன்னார், அவசரமில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஹீரோ சொல்லி முடித்ததும் எழுந்து போய்விடாதே, அதற்குப் பிறகுதான் நான் பேசுவேன்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா